கேர்பியூவுக்குத் தமிழ்

மொழிபெயர்ப்புப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. உங்கள் மேசைகளில் இத்தனை அகராதிகள். எங்கள் காலத்தில் பகுதி முழுவதற்கும் ஒரே ஓர் ஆங்கில அகராதி. அதிலும் கடைசி எழுத்துகளைக் கறையான் தின்றுவிட்டது. அந்த எழுத்துகளில் தொடங்கும் சொல் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். பொறாமையோடு கொஞ்சம் பயமும் இருக்கிறது. அகராதி கூடக்கூட யோசனை குறைகிறது என்பது என் அபிப்பிராயம். கிழவன் புலம்புகிறான் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போங்கள்.

கோவைகளில் கடிதங்களை எப்படிக் கட்டுவது, அரசாங்க வர்த்தமானி அறிவித்தலை எந்த நடையில் எழுதுவது என்பதையெல்லாம் உங்கள் மேலதிகாரிகள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கதைக்கப் போகிறேன். கேர்பியூ.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்பும் யாழ்ப்பாணத்தார் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அது சீனி, தேயிலை மாதிரி எல்லா வீட்டுக்குள்ளும் வந்து குந்தியது. ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதத் தெரியாதவர்கள்கூட அதைத் தங்கள் சொல்லாக்கிக் கொண்டார்கள். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் "இண்டைக்கு வீட்டிலை கேர்பியூ" என்பார்கள். வாத்தியார் வருவதைக் கண்ட பொடியன் "கேர்பியூ!" என்று குரல் கொடுப்பான். வெள்ளிக்கிழமைகளில் மீனுக்குக் கேர்பியூ. எங்கள் சனத்துக்குப் பகிடி விடுவதற்கு நேரகாலம் கிடையாது.

கேர்பியூவைப் 'போடுவார்கள்', பிறகு 'எடுப்பார்கள்'. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல, பிறகு அதை எடுப்பது போல. ஆனால் எழுத்தில் நாங்கள் அப்படி எழுத முடியாது. எங்களுக்கு அது ஊரடங்குச் சட்டம். நல்ல தமிழ்தான். 'ஊரடங்கின நேரம்' என்றால் என் சின்ன வயதில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, நாய்களும் குரைத்துக் களைத்து, ஊர் தானாகவே நித்திரைக்குப் போகிற நேரம். தானாக அடங்கிய ஊரைக் குறித்த சொல்லை அடக்கப்பட்ட ஊருக்கு எடுத்து வைத்துக்கொண்டோம். அதை முதலில் செய்தவர் யாரென்று தெரியாது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

அப்போது எங்கள் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் மெல்லிய மனிதர். கோபம் வந்தால் குரலை இன்னும் தாழ்த்துவார். ஒருநாள் நான் எழுதிய அறிவித்தலைத் திருப்பித் தந்தார். 'ஊரடங்குச் சட்டம் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை தளர்த்தப்படும்' என்று எழுதியிருந்தேன். பிழை ஒன்றும் தெரியவில்லை. எழுத்தைக் கொஞ்சம் அழகாக்கித் திரும்பக் கொடுத்தேன். மறுபடியும் வந்தது.

"ஐயா, இதிலை என்ன பிழை?"

"சட்டம் ஆறு மணிக்கு என்ன செய்யுது, பத்து மணிக்கு என்ன செய்யுது எண்டு சொல்லியிருக்கிறீர். சனம் என்ன செய்யோணும் எண்டு சொல்லேல்லையே. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயத்தோடை வாறவன் பத்து மணிக்குச் சந்தையிலை நிக்கலாமோ, வீட்டிலை நிக்கோணுமோ?"

'பத்து மணிக்கு முன் வீட்டுக்குள் போய்விடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்து வைத்தார். தாளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கிறான் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். அவர் எனக்குச் சொன்ன இன்னொரு விதியும் உண்டு: இரண்டு பேருக்கு நடுவில் நின்று வாயால் மொழிபெயர்க்கும்போது சொன்னதைச் சொல், சொல்லாததைச் சொல்லாதே. கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் போட்ட கேர்பியூவை எடுப்பதாகவே காணவில்லை. அலுவலகம் பூட்டிக் கிடந்தது. நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் என் வீட்டில் முடங்கிக் கிடந்தேன். எங்கள் ஒழுங்கையின் தலைப்பில், ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஒரு கல்வீட்டில் இந்திய இராணுவம் முகாம் போட்டிருந்தது. வீட்டுக் கூரைக்கு மேலே புகை எழும்பினால் அந்தத் திசையில் வெடி வைப்பார்கள் என்று பயம். அதனால் விடிவதற்கு முன் அவசரமாக ஒரு கஞ்சியைக் காய்ச்சிவிட்டு அடுப்பை அணைத்துவிடுவோம். அயலில் யாருக்காவது ஏதும் தேவையென்றால் வேலிப் பொட்டுகளுக்குள்ளால் குனிந்து போய்வருவோம். முன்பு கோழியும் நாயும் போய்வந்த வழி.

அந்தப் பொட்டுக்குள்ளால்தான் ஒருநாள் காலை பரமேஸ்வரி அக்கா வந்தார். எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தவர். அவருடைய கணவர் நீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்துபவர். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர் எல்லோருக்கும் அவர் மெக்கானிக் அண்ணை. நீண்ட நாளாகத் தொய்வு நோய். மருந்து முடிந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல், முதல் நாள் விடியற்காலை மூச்சு இழுத்து இழுத்து இறந்து போயிருந்தார். மகன் ஜேர்மனியில். மருமகன் வேலைக்குப் போன இடத்தில், கொழும்பில் அகப்பட்டுக் கொண்டார். வீட்டில் இருந்தது அக்காவும் மகளும் மகளின் கைக்குழந்தையும்தான்.

"தம்பி, உமக்கு இங்கிலீசு தெரியும். என்னோடை ஒருக்கா காம்புக்கு வாரும். அவரைச் சுடலைக்குக் கொண்டுபோக விடச் சொல்லிக் கேக்கோணும்."

என் மனைவி என் கையைப் பிடித்தாள். அக்கா அதைப் பார்த்தார். 'நான் தனியே போகிறேன்' என்று அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் போகாமல் இருந்திருப்பேன். அவர் சும்மா நின்றார். நான் என் வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்துத் தடியில் கட்டினேன். இரண்டு பேரும் ஒழுங்கையின் நடுவால், கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அக்கா எனக்கு ஓர் அடி முன்னாலேயே போனார்.

காவலில் நின்றவன் கத்தினான். நாங்கள் நின்றுவிட்டோம். பிறகு ஓர் அதிகாரி வெளியே வந்தார். சின்ன வயதுக்காரர், படித்த முகம், கண் முழுக்க நித்திரைக் களை. நல்ல ஆங்கிலம் கதைத்தார். நான் அக்கா கேட்டதைச் சொன்னேன்: கணவரின் உடலைச் சுடலைக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டும், தூக்குவதற்கு அயல் ஆண்கள் சிலர் வருவார்கள், எரித்ததும் திரும்பிவிடுவோம்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முடியாது என்றார். சுடலை வெளியான இடம். புகை எழும்பினால் மற்ற முகாமில் உள்ளவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? வளவுக்குள்ளேயே புதைத்துவிடுங்கள், நெருப்பு மட்டும் கூடாது என்றார். பிறகு, சொல்வதைக் கொஞ்சம் மென்மையாக்க நினைத்தாரோ என்னவோ, ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னார்: "அந்தச் சொல்லின் பொருளே அதுதானே. பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பொழுதுபட்டதும் மணி அடிப்பார்கள். எல்லோரும் அடுப்பை மூடிவிட வேண்டும். அதிலிருந்துதான் கேர்பியூ வந்தது."

வேறொரு நாளாக, வேறொரு இடமாக இருந்திருந்தால் அந்த மனிதரோடு கதிரை போட்டு உட்கார்ந்து கதைத்திருப்பேன். சொற்களின் பிறப்பைத் தேடுவது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு பைத்தியம். அவருக்கும் அது இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா கேட்டார்.

"என்ன தம்பி சொல்லிச் சிரிக்கிறார்?"

வீட்டில் பிணத்தை வைத்துவிட்டு வந்து நிற்கிற பெண்ணுக்கு ஒரு சொல்லின் வரலாற்றை மொழிபெயர்க்க வேண்டும். இது உங்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது. "ஒண்டுமில்லை அக்கா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அந்தச் சிரிப்பைக் கண்டுவிட்டார். நான் மறைத்தால், அது தன் புருசனைப் பற்றிய பகிடி என்றே சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார்.

"கேர்பியூ எண்ட சொல்லுக்கு நெருப்பை மூடுறது எண்டுதான் கருத்தாம் அக்கா. முந்தி வெள்ளைக்காரற்றை ஊர்வழிய மணி அடிச்சா அடுப்பை மூடோணுமாம். அதைத்தான் சொல்லுறார்."

அவர் அதிகாரியைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ அவர் சொன்னதைச் சரிபார்ப்பது போல ஒரு பார்வை.

"ஓம், அது சரிதான். எங்கடை அடுப்பு நேற்று விடியக்காலமை மூடினது. செத்தவீட்டிலை பிரேதம் வெளிக்கிடுமட்டும் அடுப்பு மூட்டமாட்டம். அயல் சனம் சமைச்சுத் தாறது வழக்கம். இப்ப பகலிலை அயலிலையும் அடுப்பு இல்லை. பேரப்பிள்ளைக்கு மாவைப் பச்சைத் தண்ணியிலை கரைச்சுப் பருக்கிறம். நாங்கள் எல்லா நெருப்பையும் மூடிப்போட்டம். அவருக்கு ஒரு நெருப்பு மட்டும்தான் கேக்கிறன். உதைச் சொல்லும்."

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அந்த அதிகாரியின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். தன் கையில் ஒன்றும் இல்லை, மேலிடத்து உத்தரவு என்றார். அதைப் பொய் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

அதை மொழிபெயர்த்ததும் அக்காவின் குரல் மாறியது. "உவர் ஒரு நாளைக்குத் தன்ரை தாய்க்கும் தேப்பனுக்கும் கொள்ளி வைக்கேலாமல் நிக்கோணும். அவையின்ரை பிரேதமும் உப்பிடிக் கிடந்து வீங்கோணும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

பக்கத்தில் துவக்கோடு நின்றவனும் என்னைப் பார்த்தான். சொன்னதைச் சொல் என்று என் தலைவர் விதி சொல்லித் தந்திருந்தார். ஆனால் அவர் அலுவலக மேசையில் இருந்து சொன்னவர். நான் நின்ற இடத்தில் அவர் நின்றதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாது. சொல்லாமல் விட்டு வேறெதையாவது இட்டுக்கட்டினால், அந்தப் பெண்ணின் துக்கத்தை நான் திருத்தி எழுதியவன் ஆவேன். அதுவும் முடியாது. நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, இதை அவருக்குச் சொல்லட்டோ?"

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது அப்போதுதான். "வேண்டாம். பிள்ளை வீட்டிலை கிடக்கு."

நான் அதிகாரியிடம், "ஒன்றைச் சொன்னார், அதைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சாபத்துக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை.

பிள்ளைகளே, இதிலிருந்து உங்களுக்கு நான் தரக்கூடியது இவ்வளவுதான். ஆபத்தான வார்த்தை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதை அனுப்புவதா அடக்குவதா என்று நீங்களே தீர்மானிக்கத் துடிப்பீர்கள். தீர்மானிக்காதீர்கள். நேரம் இருந்தால், அது யாருடைய வார்த்தையோ அவரிடமே திருப்பிக் கேளுங்கள். நேரம் இல்லாவிட்டால் என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது.

கடைசியில் அதிகாரி, நானும் இன்னும் இரண்டு ஆண்களும் அந்த வளவுக்குள் நின்று குழி தோண்டலாம், வீட்டுக்குள்ளே ஒரு துண்டு கற்பூரம் கொளுத்தலாம் என்று அனுமதி தந்தார். அவ்வளவைத்தான் அவரால் தர முடிந்தது.

எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களைப் புதைப்பதில்லை. பால்குடிப் பிள்ளைகளைத்தான் புதைப்பது. அறுபதைத் தாண்டிய மனிதரை, எத்தனையோ தோட்டங்களுக்குத் தண்ணீர் ஓடவைத்தவரை, குழந்தையைப் போல மண்ணுக்குள் வைக்கப் போகிறோம் என்று நினைக்க அக்காவுக்கு நெஞ்சு வெடித்தது. குழி தோண்டிய எங்களுக்கும்தான். வந்த இரண்டு பேரும் வயதானவர்கள். மழையில் செம்மண் ஊறிப் போயிருந்தது. மண்வெட்டியில் ஒட்டி ஒட்டி வந்தது. ஒப்பாரி வைக்கவும் பயம். மகள் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். நான் என் வாழ்நாளில் கண்ட செத்தவீடுகளில் சத்தமே இல்லாதது அது ஒன்றுதான்.

கொள்ளி வைக்க மகன் இல்லை. பெண்கள் கொள்ளி வைப்பதும் இல்லை, சுடலைக்குப் போவதும் இல்லை. அக்கா உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து, அதில் கற்பூரத்தைக் கொளுத்தி, கணவரின் நெஞ்சுக்கு மேலே மூன்று முறை சுற்றினார். வெற்றிலை கருகிக் கை சுட்டிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை. பாயில் சுற்றிக் குழிக்குள் இறக்கியபோது, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்குப் பொறுங்கோ. எடுத்து எரிப்பன்."

பிரேதம் வீட்டை விட்டு வெளியேறியதும் வீடு கழுவி அடுப்பு மூட்டுவது வழக்கம். அவருடைய கணவர் வீட்டை விட்டு வெளியேறவே இல்லை. கிணற்றடிக்கு இந்தப் பக்கம் கிடந்தார். ஆகவே அடுப்பை மூட்டலாமா கூடாதா என்று அம்மாவும் மகளும் குழம்பி நின்றார்கள். யாரிடம் கேட்பது? பிள்ளை அழுதது. மகள் போய் மூட்டினாள்.

பிறகு அலுவலகம் திறந்த நாளில், கறையான் தின்னாத பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். அதிகாரி சொன்னது சரிதான். ஓலை வேய்ந்த, மரத்தால் கட்டிய வீடுகள் நித்திரையில் எரிந்து போகாமல் இருக்கத்தான் முதலில் அந்த மணியை அடித்தார்களாம். எங்கள் பெண்களும் இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைத்துத்தானே விடிய ஊதி எடுத்தார்கள். வீட்டைக் காப்பாற்றப் பிறந்த சொல். அரசர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பிறகு படைகள் எடுத்தன. கடைசியில் எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது அதற்குள் வீட்டைக் காப்பாற்றும் எண்ணம் ஒரு துளியும் மிச்சமிருக்கவில்லை. மொழிபெயர்க்கும்போது சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள், நல்லது. ஆனால் அது இன்று யார் வாயிலிருந்து யார் மேல் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். அகராதியை மூடியபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரர் அகராதித் தூசிக்கு வந்த தும்மல் என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக் கேர்பியூவை முற்றாக எடுத்தது இன்னும் சில கிழமைகள் கழித்துத்தான். பகலில் எல்லோரும் எங்கும் போகலாம் என்பதை ஊர் ஊராகச் சொல்ல, ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று கொடுத்தார்கள். அறிவித்தலை எழுதியவனே வாசித்தால் நல்லது என்று என்னை ஏற்றிவிட்டார்கள். 'ஊரடங்குச் சட்டம் நீக்கப்பட்டுள்ளது. நீங்கள் வெளியே வரலாம். கடைக்குப் போகலாம், தோட்டத்துக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.' தலைவர் சொல்லித் தந்தபடி, சனம் செய்யக்கூடிய காரியங்களாகவே எழுதியிருந்தேன். படலைகளில் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது பரமேஸ்வரி அக்கா படலைக்கு வெளியே நின்றார். முழுவதையும் கேட்டார். வாகனம் அருகில் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாம் சொன்னீர் தம்பி. இனி அவரை எரிக்கலாமோ?"

என் கையிலிருந்த தாளில் அதற்குப் பதில் இல்லை. அதிகாரியிடம் கேட்டால் மேலிடம் என்பார். மேலிடத்தில் கேட்டால் எழுத்தில் கேள் என்பார்கள்.

"ஓம் அக்கா, எரிக்கலாம்" என்றேன்.

என் உத்தியோக வாழ்க்கையில் யாரும் சொல்லாத ஒன்றை நானாகச் சொன்னது அந்த ஒரு முறைதான். ஒலிபெருக்கியைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அக்கா மண்வெட்டியை ஏற்கனவே படலையில் சாத்தி வைத்திருந்தார்.